தறி நின்ற இரண்டு நாள்

சேலத்து அம்மாபேட்டையில் எனக்குப் பழக்கமான ஓர் அம்மாள் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிறார். என் கதைகளில் பாதி அவருக்குப் பிடிப்பதில்லை. ஒரு நாள் பேச்சுவாக்கில், "கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பட்டணம் போய் ஒரு நாடகமும் ஒரு சினிமாவும் பார்த்துவிட்டு வந்தோம், தம்பி. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினோம். திங்கட்கிழமை காலையில் திரும்பினோம். இரண்டு நாள் தறி நின்றது" என்றார்.

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தணிந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு குற்றத்தை இப்போது ஒப்புக்கொள்கிறவர் போல இருந்தது எனக்கு. சனிக்கிழமை மாலை நினைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு படம் பார்த்து வருகிற நமக்கு, இதில் குரல் தணிய என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்க, அந்த இரண்டு நாளுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருப்பது தெரிந்தது.

முதலில் சனி ஞாயிறு என்ற விஷயத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் வேலை கிடையாது என்பது நம் ஊரில் ஆதி நாளிலிருந்து இருந்து வந்த வழக்கம் அல்ல. கச்சேரியும் பள்ளிக்கூடமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையை ஏற்றுக்கொண்டன. 1891ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தது. சென்னை ராஜ்யத்தில் 1947ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத்தினால் கடைச் சிப்பந்திக்கும் வாரம் ஒரு நாள் கிடைத்தது. 1948ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஆலை வேலையை வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. இத்தனை சட்டமும் வாசலோடு நின்றுவிட்ட ஓர் இடம் உண்டு. அது கைத்தறிக்காரர் வீடு. அவர் வேலை செய்வது தம்முடைய வீட்டில். வேலைக்காரர்கள் தம் மனைவியும் மக்களும். எந்த இன்ஸ்பெக்டர் வந்து எந்த மணியைப் பார்ப்பது?

அம்மாபேட்டை அப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த பேட்டை. குகை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம் என்று சேலத்தைச் சுற்றியிருந்த நெசவாளர் குடியிருப்புகளில் ஒன்று. செங்குந்தரும் தேவாங்கரும் சௌராஷ்டிரரும் வேட்டியும் சேலையும் பட்டும் நெய்த ஊர். வீட்டின் முன்கட்டிலேயே குழி வெட்டித் தறி போட்டிருப்பார்கள். குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆண் நெய்வான். பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு பெண் தார் சுற்றுவாள். விடிவதற்கு முன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். அதற்கு வீட்டில் உள்ள கைகள் எல்லாம் தேவை. அடை மழை பிடித்துக்கொண்டால் பாவு போட முடியாது. அன்றைக்குக் கூலியும் கிடையாது.

ஆகையால் நெசவாளன் தனியாக ஊர் சுற்றப் போனால் அவன் கூலி போயிற்று. மனைவி தனியாகத் தாய்வீடு போனால் தார் சுற்ற ஆள் இல்லை. இருவரும் சேர்ந்தே போய்விட்டால் வீட்டில் சத்தமே இருக்காது. தறிச் சத்தம் நின்றால் அக்கம் பக்கத்தார், "என்ன, உடம்புக்கு ஏதாவது?" என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த அம்மாளின் குரல் ஏன் தணிந்தது என்பது இப்போது ஓரளவு விளங்குகிறதல்லவா?

நெசவாளனுக்கு ஓய்வே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அவனுக்கு அமாவாசை உண்டு. அன்று தறியில் உட்கார மாட்டார்கள். தலை முழுகி, சமையல் செய்து, சாமி கும்பிட்டு, சாயங்காலம் காற்றாடக் குமரகிரி மலைப் பக்கம் போய் வருவார்கள். சர்க்கார் ஊழியனின் ஓய்வைச் சூரியனை வைத்து எண்ணினால், இவனுடைய ஓய்வைச் சந்திரனை வைத்து எண்ண வேண்டும். இந்த இரண்டு பஞ்சாங்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் நம் கதையில் பின்னால் சங்கடத்தை உண்டாக்கியது.

வேடிக்கை பார்க்க அம்மாபேட்டைக்காரர்கள் வெளியூர் போக வேண்டிய அவசியமும் முன்பு அதிகம் இருக்கவில்லை. ஆடி மாதம் வந்தால் சேலம் முழுவதும் மாரியம்மன் பண்டிகை. குகையில் நடக்கும் வண்டி வேடிக்கையைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். வண்டிகளை ஜோடித்து, அதன்மேல் சிவனாகவும் ராமனாகவும் துர்க்கையாகவும் வேஷம் கட்டிய ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். வண்டி ஊர்வலமாக வரும். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்ப்பார்கள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்காள், குழந்தைகள் எல்லாரும் ஒரு கூட்டம். ஆண்கள் பத்தடி முன்னால் வேறு ஒரு கூட்டம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று பார்த்தார்கள் என்பது மட்டும் இல்லை. அது யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றவும் இல்லை.

நாடகம் வேறு விஷயம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகம் இரவு தொடங்கினால் விடியும் வரை நடக்கும். சுவாமிகள் 1922ல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கோவலனும் அதற்குப் பிறகும் பல வருஷம் ஊர் ஊராக ஆடப்பட்டன. ராத்திரி பூராவும் பாட்டும் தர்க்கமும் கேட்டுவிட்டு வருகிறவன் மறுநாள் தறிக் குழியிலேயே தூங்கி விழுவான். ஆண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. குடும்பப் பெண்களுக்கோ நாடகக் கொட்டகை போகத் தகாத இடம் என்று ஒரு பேர். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்திய காலத்தில், அவர் நாடகம் பார்ப்பதற்கென்று ரயில்வேக்காரர்கள் தனி வண்டி விட்டார்கள் என்று நாடக சரித்திரம் எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். நாடகத்துக்காக நகரம் போய்வரும் வழக்கம் நம் நாட்டில் அவ்வளவு பழையது. ஆனால் அந்த ரயிலில் யார் போயிருப்பார்கள்? மைனர்களும் மிராசுதார்களும் போயிருப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் வீட்டில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கத்து சரித்திரத்தை யாரும் எழுதவில்லை.

பெண்களைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது சினிமாதான் என்பது என் அபிப்பிராயம். கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கினார். 1931ல் 'காளிதாஸ்' வந்து தமிழ்ப் படம் பேசிற்று. படத்தில் ஆடுகிறவள் நிழல், நேரே நிற்கவில்லை. ஆட்டத்துக்கு நேரக் கணக்கு உண்டு. மூன்று மணி, போனால் மூன்றரை மணியில் முடிந்துவிடும். யுத்த காலத்தில் படச்சுருள் பஞ்சம் வந்தபோது, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டது. ரசிகர்கள் அதைப் பெரிய நஷ்டமாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டரை மணி நேரம் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு அது நஷ்டமா?

சேலத்துக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. திருச்செங்கோட்டில் 1907ல் பிறந்த டி. ஆர். சுந்தரம், நூல், ஜவுளி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. சீமைக்குப் போய் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்தார். திரும்பி வந்தவர் நூலை விட்டுவிட்டுப் படச்சுருளைப் பிடித்துக்கொண்டார். 1930களின் நடுவில் ஏற்காட்டு மலை அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. 1937ல் 'சதி அகல்யா'. 1938ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'. 1950ல் 'மந்திரி குமாரி'. 1956ல் தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1963ல் சுந்தரம் காலமாகும்வரை அந்த இடம் ஒரு ஆலை மாதிரியே நடந்தது என்பார்கள். மணி அடித்தால் நடிகர்கள் வந்து நிற்க வேண்டுமாம். ஜவுளி ஆலை நடத்தப் படித்தவரல்லவா! இன்று அந்த ஸ்டூடியோ இல்லை. ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.

ஆக, அம்மாபேட்டைக்காரர்களுக்குச் சினிமா கைக்கெட்டும் தூரத்தில் தயாரான சரக்கு. பார்க்கவும் டவுனில் கொட்டகைகள் இருந்தன. ஓரியண்டல் கொட்டகைக்கு நடந்தே போய் நடந்தே திரும்பலாம்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1937ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, ராஜ்யத்திலேயே முதலாவதாக அது அமலுக்கு வந்த ஜில்லா சேலம்தான். அவர் வக்கீல் தொழில் செய்த ஊர். நகரசபைத் தலைவராக இருந்த ஊர். அந்த நாளில் தர்மபுரியும் நாமக்கல்லும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. ஒரே நாளில் ஜில்லா முழுவதும் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் அடைபட்டன. எனக்குத் தெரிந்த அம்மாளின் மாமியார் அந்த வருஷம்தான் கல்யாணமாகி அம்மாபேட்டைக்கு வந்தவராம். "விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மாமனார் வீட்டில் இருந்தார். அந்த ஒரு அதிசயத்துக்காகவே ராஜாஜிக்கு விளக்கேற்றலாம்" என்று மருமகளிடம் அடிக்கடி சொல்வாராம்.

வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளையை என்ன செய்வது? மாலைப் பொழுது காலியாக இருந்தது. கையில் சில அணாக்களும் மிஞ்சின. பஜனையும் விளையாட்டும் வைத்து அந்தப் பொழுதை நிரப்பப் பார்த்தார்கள். டீக்கடை கொஞ்சம் பிடித்துக்கொண்டது. மீதியைச் சினிமாக் கொட்டகை பிடித்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். சினிமாவின் மேல் ராஜாஜிக்கு நல்ல அபிப்பிராயம் எந்நாளும் கிடையாது. அவர் செய்த மதுவிலக்கே கொட்டகைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது! அதையும் அவர் சும்மா விடவில்லை. 1939ல் அவருடைய ஆட்சியில் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. கள்ளில் போன வருமானத்துக்கு ஈடு தேட வேண்டுமே.

அந்த மாமியாரும் மாமனாரும் சினிமாவுக்குப் போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதைக் கேளுங்கள். பெரும்பாலான கொட்டகைகளில் தரையிலும் பெஞ்சிலும் பெண்களுக்குத் தனிப் பக்கம். நடுவே இடுப்பளவுச் சுவரோ தட்டியோ இருக்கும். நுழைவதற்கும் தனி வழி. புருஷன் ஒரு பக்கம் டிக்கெட் வாங்கி உள்ளே போவான். மனைவி மறுபக்கம் பெண்கள் வரிசையில் நின்று வாங்கிப் போவாள். இருட்டில் அவன் எங்கே, இவள் எங்கே! அவன் சிரித்த இடத்தில் இவள் சிரித்தாளா என்பது இருவருக்கும் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்காக, எந்த விளக்குக் கம்பத்தடியில் நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்களாம். கம்பத்தடியில் சந்தித்து, அவர் முன்னே நடக்க, இவர் பின்னே நடக்க, வீடு திரும்பினால் "சேர்ந்து சினிமா பார்த்தது" ஆயிற்று. நாற்காலி வகுப்பில் சேர்ந்து உட்காரலாம். ஆனால் அந்த விலைக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம்.

கூட்டுக் குடும்பத்தில், தறியும் ராட்டையும் அடைத்துக்கொண்ட வீட்டில், கணவனும் மனைவியும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க இடம் கிடையாது. தறியில் ஜோடியாக உட்கார்ந்தார்கள் என்றால் அது வேலை. கொட்டகையும் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

1957 ஆகஸ்டில் சேலம் பொருட்காட்சியில் சிவாஜி கணேசனின் நாடக மன்றம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை முதன்முதலாக அரங்கேற்றியது. சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. பட்டணத்து நாடகம் பட்டணத்தில் பிறக்காமல் சேலத்தில் பிறந்ததில் ஊர்க்காரர்களுக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு. இரண்டு வருஷம் கழித்து, 1959ல், பி. ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். 1960ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

பொருட்காட்சியில் அந்த நாடகத்தைப் பார்த்த கூட்டத்தில் அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். கல்யாணமாகாதவன். அதற்கப்புறம் தறிக் குழியில் உட்கார்ந்துகொண்டு வசனம் பேசாத நாளில்லை. நாடாவை ஒரு இழுப்பு, வசனம் ஒரு வரி. ஆறு வருஷம் கழித்துக் கல்யாணமானதும் பக்கத்தில் ராட்டை சுற்றிய பெண்ணுக்கு அந்த வசனம் முழுவதும் பாடமாகிவிட்டது. "படத்தில் பார்த்தது கணக்கில்லை. நாடகமாகப் பார்க்க வேண்டும். உன்னை ஒரு நாள் அழைத்துப் போகிறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

கைத்தறிக்கு அது செழிப்பான காலம் என்று சொல்ல முடியாது. 1952-53ல் துணி தேங்கி, நெசவாளர் வீடுகளில் அடுப்பெரியாமல் போய், அண்ணாதுரையும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தெருத் தெருவாகச் சுமந்து விற்ற கதை எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து ஒருவாறு எழுந்திருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் கூலியை நாடகத்துக்காக விடுவது விளையாட்டல்ல.

1964 பொங்கல் கழிந்தது. பட்டணத்தில் ஒரு கடைக்காரருக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வேலை வந்தது. அதுவரை அவர் தனியாகப் போய் வந்த வேலைதான். இந்தத் தடவை, "அவளும் வரட்டும்" என்றார். மாமியார், "சேலை மூட்டையைத் தூக்க இரண்டு பேர் எதற்குக் கண்ணு?" என்று கேட்டார். அப்புறம், "போவதுதான் போகிறீர்கள், அமாவாசையை ஒட்டிப் போனால் ஒரு நாளாவது மிஞ்சுமே" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் பட்டணத்தில் அமாவாசைக்கு நாடகம் கிடையாது. சனி, ஞாயிறுக்குத்தான் உண்டு.

ஏன் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. பழைய கம்பெனிகள் நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவை, தினமும் ஆடின. அவை ஓய்ந்த பிறகு சென்னையில் சபாக்களின் காலம் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய நாளிலிருந்தே, உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் நடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. 1960களில் கே. பாலசந்தர் ஏஜீஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். சோவும் அப்படியே வக்கீல் தொழிலோடு நாடகத்தையும் வைத்துக்கொண்டிருந்தார். நடிக்கிறவனும் பார்க்கிறவனும் ஆபீஸ்காரன். இருவருக்கும் ஓய்வு சனிக்கிழமை சாயங்காலம். விடிய விடிய நடந்த கூத்து இரண்டரை மணி நேரமாகச் சுருங்கி, மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க விடுவதற்கும் அதுதான் காரணம். வார முடிவு நாடகம் என்பது சம்பளப் பட்டியலில் பிறந்தது. அதில் நெசவாளனுக்கு இடம் வேண்டுமென்றால் தறியை நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு சூரமங்கலத்தில் ரயில் ஏறினார்கள். ஏறத்தாழ 335 கிலோமீட்டர். மூட்டையின்மேல் தலைவைத்து அவள் தூங்க, அவர் ஜன்னலோரம் விழித்திருந்தார். சனிக்கிழமை பகல் கடைக்காரரிடம் கணக்குப் பார்ப்பதில் போயிற்று. சேலைக்கு எதிர்பார்த்த விலை வரவில்லை என்பதை அவர் மனைவியிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார். மாலையில் ஒரு சபாவில் நாடகம். அது என்ன நாடகம் என்று கேட்டேன். அம்மாள் சிரித்தார். "தலைப்பு மறந்துபோச்சு, தம்பி. ஒரு ஆபீஸர் வருவார், எல்லாரையும் அதட்டுவார். கட்டபொம்மன் மாதிரி இல்லை."

"பின்னே என்னதான் நினைவிருக்கிறது?"

"நாற்காலி" என்றார். வரிசையாக நாற்காலி. பெண்களுக்கென்று தனிப் பக்கம் இல்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம். கணவர் கையைக் காட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். நாடகத்தில் ஜனங்கள் சிரித்தபோதெல்லாம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாராம், அவரும் சிரிக்கிறாரா என்று. அவரும் அதேபோல் இவரைப் பார்த்தாராம்.

மறுநாள் சாந்தி தியேட்டரில் 'கர்ணன்'. 1961ல் குளிர்சாதன வசதியோடு திறக்கப்பட்ட மவுண்ட் ரோடு தியேட்டர்; 2016ல் மூடிவிட்டார்கள். கட்டபொம்மனை எடுத்த அதே பந்துலுவின் படம். அந்தக் குளிர் அம்மாளுக்குப் புதிது. விற்காமல் மிஞ்சியிருந்த ஒரு சேலையை மூட்டையிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொண்டாராம். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நெய்த சேலை. "விற்க வேண்டிய சரக்கை உடம்பில் போடலாமா என்று அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முனையை இழுத்துத் தாமும் கொஞ்சம் போர்த்திக்கொண்டார்."

திங்கட்கிழமை காலை சூரமங்கலத்தில் இறங்கி, ஜட்கா பிடித்து, ஊரைத் தாண்டி அம்மாபேட்டைத் தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சேலை என்ன விலைக்குப் போயிற்று என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மருமகளைத் தனியே அழைத்து, "படத்தில் கர்ணன் சாகும்போது குந்தி வருகிறாளா? மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாளா?" என்று விசாரித்தார். மருமகள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே கதை சொல்லத் தொடங்கினார். கணவர் காலைக் கழுவிக்கொண்டு வந்து குழிக்குள் இறங்கினார்.